கிள்ரு நபி யார், நபியா வலியா (இறைநேசரா)? மக்தப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் வேண்டும்

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை):

அஸ்ஸலாமு அலைக்கும். நான் பரங்கிப்பேட்டையில் ஒரு மக்தபில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை குர்ஆனின் கஹ்ஃபு சூரா (அத்தியாயம்) ஓதுவது நம் வீடுகளில் வழக்கம்தானே, ஓதுகிற சூராவில் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டுமே என்று அதில் வரும் கதைகளைத் தமிழில் சொல்லி வருகிறேன். குகைவாசிகள் கதையை ரசித்துக் கேட்டார்கள். அப்புறம் மூஸா நபி கிள்ரு நபியைத் தேடிப் போகிற கதை. கிள்ரு நபி படகில் பலகையைப் பெயர்த்த இடத்தில் கொஞ்சம் சலசலப்பு, அதோடு சரி. பையனைக் கொன்ற இடம் வந்ததும் ஒரு பிள்ளை, "நபி எப்படிச் சின்னப் பையனைக் கொல்வார்?" என்று கேட்டாள். அவன் பெரியவனானால் பெற்றோரை வழிகெடுப்பான் என்று அல்லாஹ் அறிவித்துக் கொடுத்தான் என்று தஃப்சீரில் (குர்ஆன் விரிவுரையில்) உள்ளபடி சொன்னேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "அப்போ கெட்டவனாகப் போகிறவனை எல்லாம் முன்னாலேயே கொன்றுவிடலாமா?" என்றான். அடுத்த வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வீட்டில் கேட்டால் அங்கே வேறு பஞ்சாயத்து. பெரியவர்கள், கிள்ரு நபி இன்னும் ஹயாத்தோடு (உயிரோடு) இருக்கிறார்கள், கடலில் போகிறவர்களுக்கு அவர்கள்தான் துணை என்கிறார்கள். கப்பலுக்குப் போன ஆண்கள் உள்ள குடும்பம் எங்களுடையது, அந்த நம்பிக்கை அவ்வளவு ஆழம். என் நானா (அண்ணன்) அதைக் கேட்டாலே கோபப்படுகிறார். அவர் எப்போதோ மவுத்தாகிவிட்டார், அவரை நபி என்று குர்ஆனில் எங்கே சொல்லியிருக்கிறது காட்டு என்கிறார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவர் நபியா, வலியா? எதுவாக இருந்தால் என்ன, அதனால் ஏதாவது மாறுகிறதா? அந்தப் பையனுக்கு நான் என்ன பதில் சொல்ல?

முல்லா வீதி (புதுச்சேரி):

வ அலைக்குமுஸ்ஸலாம். நான் மதரஸாவில் ஓதி முடித்தவன், இப்போது புதுச்சேரியில் வியாபாரம். உங்கள் பின்வரிசைப் பையன் கேட்டதுதான் இந்தக் கதையிலேயே பெரிய கேள்வி. சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) காலத்திலேயே அந்தக் கேள்வியும் வந்திருக்கிறது, பதிலும் வந்திருக்கிறது. அதற்கு முன்னால் ஆள் யார் என்பதைப் பார்த்துவிடுவோம்.

கஹ்ஃபு சூராவில் 60 முதல் 82 வரை இந்தச் சம்பவம். அதில் கிள்ரு என்ற பெயரே கிடையாது. "நம் அடியார்களில் ஓர் அடியாரை இருவரும் கண்டார்கள், அவருக்கு நம்மிடமிருந்து ரஹ்மத்தைக் கொடுத்திருந்தோம், நம்மிடமிருந்து அறிவையும் கற்றுக் கொடுத்திருந்தோம்" என்ற அளவில்தான் 65ஆவது ஆயத்து (வசனம்) அவரை அறிமுகப்படுத்துகிறது. பெயர் ஹதீஸிலிருந்து (நபிமொழியிலிருந்து) கிடைக்கிறது. மூஸா நபி தேடிப் போனது யாரை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் ஹுர்ரு இப்னு கைஸுக்கும் வாக்குவாதம். அந்த வழியாக வந்த உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் கேட்டபோது, ரசூலுல்லாஹ்விடம் தான் கேட்டதை முழுக்கச் சொன்னார்கள், அது கிள்ருதான் என்று முடிவானது. புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஆகவே அவர் யார் என்ற பேச்சு உங்கள் வீட்டில் புதிதாக ஆரம்பித்ததில்லை, மதீனாவிலேயே நடந்த பேச்சு. காய்ந்து கிடந்த வெள்ளைத் தரையில் அவர் உட்கார, அது பசுமையாகி அசைந்தது, அதனால் அந்தப் பெயர் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் புகாரியில் உண்டு.

பயணம் ஏன் என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள், அதை விட்டால் கதையின் வேர் போய்விடும். பனூ இஸ்ராயீல் மக்களுக்கு மூஸா நபி உரையாற்றும்போது, மனிதர்களில் அதிகம் அறிந்தவர் யார் என்று ஒருவர் கேட்க, நான்தான் என்று சொல்லிவிட்டார்கள். அல்லாஹ்வே அறிந்தவன் என்று சொல்லாததால் அல்லாஹ் கண்டித்து, இரண்டு கடல்கள் கூடும் இடத்தில் உம்மை விட அறிந்த ஓர் அடியார் இருக்கிறார் என்று அறிவித்தான். தவ்ராத் வேதம் கொடுக்கப்பட்ட ஒரு நபி, கூடையில் மீனை எடுத்துக்கொண்டு, யூஷஃ இப்னு நூனைக் கூட்டிக்கொண்டு, மாணவராகப் புறப்படுகிறார். படகின் ஓரத்தில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து கடலில் அலகை நனைத்தபோது, என் அறிவும் உம் அறிவும் சேர்ந்து அல்லாஹ்வின் அறிவின் முன்னால் இந்தக் குருவி கடலிலிருந்து எடுத்த அளவுதான் என்றார் கிள்ரு. எத்தனை முறை ஓதினாலும் எனக்கு உடல் சிலிர்க்கும் இடம் அது.

இனி நபியா வலியா. நபி என்பதுதான் பெரும்பாலான உலமாக்களின் கருத்து என்று தஃப்சீர் எழுதிய இமாம் குர்துபி சொல்கிறார். அவர்கள் காட்டும் ஆதாரங்களில் கனமானது 82ஆவது ஆயத்து. எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, இதை நான் என் விருப்பப்படி செய்யவில்லை என்கிறார் கிள்ரு. அல்லாஹ்வின் கட்டளையால் செய்தார் என்றால் அந்தக் கட்டளை வஹீயாகத்தான் (இறைச்செய்தியாகத்தான்) வந்திருக்க வேண்டும், ஓர் உயிரை எடுக்க வேறு எதுவும் போதாது. இமாம் குஷைரி போன்ற ஸூஃபி பெரியவர்கள் அவரை வலி என்றார்கள். குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார்கள் 25 பேர், அதில் இவர் பெயர் இல்லை என்பது உண்மை. ஆனால் உமக்குச் சொல்லாத தூதர்களும் இருக்கிறார்கள் என்று அதே குர்ஆன் 40:78இல் சொல்கிறது. அதனால் உங்கள் நானாவின் வாதம் அந்த இடத்தில் நிற்காது.

எதுவாக இருந்தால் என்ன என்று கேட்டீர்களே, இங்கேதான் எல்லாமே இருக்கிறது. அவர் வஹீ இல்லாத ஒரு வலி, உள்ளத்தில் தோன்றியதை வைத்துப் பையனைக் கொன்றார் என்று வைத்துக்கொண்டால், நாளைக்கு எவனும் வந்து எனக்கும் உள்ளறிவு இருக்கிறது, ஷரீஅத் (மார்க்கச் சட்டம்) உங்களுக்குத்தான், எனக்கில்லை என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறார்கள், இந்தக் கதையைக் காட்டித் தொழுகையை விட்டவர்களும் உண்டு, முரீதுகளின் (சீடர்களின்) சொத்தைத் தின்றவர்களும் உண்டு. அந்தக் கதவை அடைக்கத்தான் உலமாக்கள் அவர் நபி என்பதில் இவ்வளவு உறுதியாக நின்றார்கள். வலி என்று சொன்ன நல்ல ஸூஃபிகளும் அதை வைத்து யாரும் ஷரீஅத்தை மீறலாம் என்று சொன்னதில்லை, அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இப்போது அந்தப் பையனுக்குப் பதில். கவாரிஜ் என்ற பிரிந்துபோன கூட்டத்தின் தலைவன் நஜ்தா, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதிச் சில கேள்விகள் கேட்டான். அதில் ஒன்று, எதிரிகளின் குழந்தைகளைக் கொல்லலாமா என்பது. அவர்கள் எழுதிய பதில் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது: ரசூலுல்லாஹ் குழந்தைகளைக் கொன்றதில்லை, நீயும் கொல்லாதே, கிள்ரு கொன்ற சிறுவனைப் பற்றி அவர் அறிந்ததை நீயும் அறிந்திருந்தால் ஒழிய. அதாவது உன்னால் அறிய முடியாது, ஆகவே கை வைக்காதே. இதற்கு மேல் ஒரு வார்த்தை தேவையா?

மஹ்மூது பந்தர்:

முல்லா வீதி நானா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்ற பகுதியை விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் பிரச்சினையே அதில்தான்.

நபி (ஸல்) அவர்கள் தம் கடைசிக் காலத்தில் ஒரு நாள் இஷா (இரவு) தொழுகைக்குப் பிறகு, இன்று பூமியின் மேல் இருப்பவர்களில் ஒருவரும் 100 ஆண்டுக்குப் பிறகு மிஞ்சமாட்டார்கள் என்று சொன்னார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிப்பு, புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கிள்ரு உயிரோடு இருக்கிறாரா என்று இமாம் புகாரியிடம் கேட்டபோது அவர் இந்த ஹதீஸைத்தான் காட்டி, எப்படி முடியும் என்றார். உமக்கு முன் எந்த மனிதருக்கும் நிரந்தர வாழ்வை நாம் ஏற்படுத்தவில்லை என்று 21:34 சொல்கிறது. பக்தாதில் 1201இல் வஃபாத்தான (இறந்த) இப்னுல் ஜவ்ஸி இதற்காகவே தனிக் கிதாபு எழுதினார். எனக்கு வலுவாகத் தெரியும் கேள்வி இன்னொன்று: உயிரோடு இருந்திருந்தால் பத்ருப் போருக்கு ஏன் வரவில்லை? ரசூலுல்லாஹ்வைச் சந்தித்து ஈமான் கொள்வது அவர் மேல் கடமையாக இருந்திருக்குமே.

ஆனால் பெரியவர்கள் சொல்வது வெறும் கட்டுக்கதை என்று உங்கள் நானா சொன்னால் அதுவும் சரியில்லை. நம் கரையோரம் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபு (சட்டவழி). அந்த மத்ஹபின் பெரிய தூணான இமாம் நவவியே, அவர் ஹயாத்தாக இருக்கிறார் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து என்று முஸ்லிமின் விரிவுரையில் எழுதியிருக்கிறார். கடைசிக் காலத்தில் வரும் பொய்யன் தஜ்ஜாலை எதிர்த்து நிற்கும் ஒரு நல்ல மனிதரைப் பற்றிய ஹதீஸ் வரும், அவர் கிள்ருதான் என்று சொல்லப்படுவதாக முஸ்லிம் கிதாபிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. இப்னு ஹஜர் அஸ்கலானி இந்த விஷயத்துக்கே தனி நூல் எழுதி இரண்டு பக்கத்து அறிவிப்புகளையும் எடுத்துப் பார்த்தார். எனக்கு முதல் பக்கம்தான் சரியாகப் படுகிறது. ஆனாலும் மறுபக்கம் நிற்பவரை வழிகெட்டவர் என்று சொல்ல நான் தயாரில்லை.

உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நடுக்கடலில் கூப்பிட வேண்டியது அல்லாஹ்வை மட்டும்தான். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது. படகில் ஏற நூஹ் நபி சொன்ன "பிஸ்மில்லாஹி மஜ்ரேஹா வ முர்ஸாஹா" ஹூது சூராவிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக் கொடுங்கள், பெரியவர்களும் கூடச் சேர்ந்து ஓதுவார்கள், சண்டைக்கு வேலையே இருக்காது.

தேவனாம்பட்டினம் கரை:

வணக்கம். நான் முஸ்லிம் இல்லை. கடல் தொழில் செய்யும் குடும்பம், பக்கத்துக் கடை பாய் இந்தப் பேச்சைக் காட்டினார், உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அந்தப் படகுக் கதையை எனக்கு யாராவது முழுசாகச் சொல்ல முடியுமா? படகை ஓட்டை போட்டது ஏன் என்று எல்லோரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அதுதான் முக்கியம்.

பாய் சொன்னது இதுதான்: பின்னால் ஒரு ராஜா நல்ல படகுகளை எல்லாம் பறித்துக்கொண்டு வருகிறான், பழுதுள்ள படகை விட்டுவிடுவான், அதனால் ஓட்டை போட்டார். அப்படியானால் அந்தப் பெரியவர் படகு தெரிந்தவர். மரப்படகில் ஒரு பலகை போனால் புதுப் பலகை வைத்து, இடுக்கில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடித்து, மேலே பூசித் திரும்பவும் கடலில் இறக்கிவிடலாம். படகே போனால் அந்தக் குடும்பம் கரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும், கடன் மட்டும் மிச்சம். பார்க்கிறவனுக்குப் பெரிய சேதமாகத் தெரிய வேண்டும், ஆனால் தொழில்காரன் சரி செய்துவிட வேண்டும், அந்த மாதிரி ஒரு சேதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அந்தப் பையன் விஷயம்தான் எனக்கு இறங்கவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊர் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த ஊர். குழந்தைகளைக் கொடுத்த வீடுகள் இங்கே இருக்கின்றன. அந்தச் சமயத்தில் ஆறுதல் சொல்ல வந்தவர்களில் எல்லா மதத்துக்காரர்களும் இருந்தார்கள், அதில் சிலர் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம், கடவுளுக்கு ஒரு கணக்கு இருக்கும், இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்றெல்லாம் பேசினார்கள். அதைக் கேட்டவர்கள் முகம் எனக்கு இன்னும் தெரியும். உங்கள் கதையும் அப்படிச் சொல்லத்தான் வந்ததா? தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்.

முல்லா வீதி (புதுச்சேரி):

தப்பாக எடுக்க ஒன்றுமில்லை தம்பி, கேட்டது நல்லதாயிற்று.

முதலில் படகு. நீங்கள் சொன்னது ஹதீஸோடு அப்படியே ஒத்துப் போகிறது. வாய்ச்சியால் ஒரு பலகையைப் பெயர்த்தார் என்று வருகிறது. ராஜாவைத் தாண்டிய பிறகு படகுக்காரர்கள் அதைச் சரி செய்துகொண்டார்கள், தாரால் அடைத்தார்கள் என்று சொல்பவர்களும் உண்டு என்று புகாரியிலேயே இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அந்தப் படகுக்காரர்கள் கிள்ருவை அடையாளம் கண்டு கூலி வாங்காமல் ஏற்றிக்கொண்டவர்கள். மூஸா நபிக்குக் கோபம் வந்ததே அதனால்தான், கூலி வாங்காமல் நம்மை ஏற்றியவர்களின் படகையா ஓட்டை போடுகிறீர் என்று கேட்டார்கள். கடலில் பாடுபடும் ஏழைகளின் படகு என்று குர்ஆன் சொல்கிறது. படகு சொந்தமாக இருந்தும் அல்லாஹ் அவர்களை மிஸ்கீன் (ஏழை) என்று சொல்லிவிட்டான் என்பதை வைத்து, தொழிலும் கொஞ்சம் உடைமையும் இருந்தும் வரும்படி போதாதவனுக்கும் ஜகாத்தில் (கட்டாயத் தர்மத்தில்) பங்குண்டு என்று ஷாஃபி மத்ஹபில் சட்டம் வகுத்தார்கள். படகு வைத்திருக்கிறான், இவனுக்கு எதற்கு ஜகாத் என்று கேட்பவர்களுக்கு இந்த ஆயத்தைக் காட்டலாம்.

அடுத்து நீங்கள் கேட்டது. இல்லை, அந்தக் கதை அப்படிப் பேசுவதற்கு வரவில்லை. காரணம் சொன்னவர் அல்லாஹ்விடமிருந்து அறிந்தவர், அந்த அறிவு வேறு யாரிடமும் இல்லை. மூஸா நபிக்கே கடைசியில், பிரியும் நேரத்தில்தான் சொல்லப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்க் காரணம் சொல்கிறவன் தன்னைக் கிள்ருவாக நினைத்துக்கொள்கிறான், அதற்கு அவனுக்கு உரிமை கிடையாது. ரசூலுல்லாஹ்வின் மகன் இப்ராஹீம் பால்குடி வயதில் இறந்தபோது அவர்கள் காரணம் சொல்லவில்லை, அழுதார்கள். கண் கண்ணீர் சிந்துகிறது, உள்ளம் துயரப்படுகிறது, நம் இறைவன் பொருந்திக்கொள்வதைத் தவிர வேறெதையும் சொல்லமாட்டோம், இப்ராஹீமே, உன் பிரிவால் நாங்கள் கவலையில் இருக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். மவுத் வீட்டுக்குப் போகிற எங்களுக்கு வழி அதுதான். உங்கள் ஊரில் அப்படிப் பேசியவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருந்தால், அவர்கள் இந்தச் சூராவைச் சரியாக ஓதவில்லை என்றுதான் அர்த்தம்.

நெல்லிக்குப்பம் டீச்சர்:

நானும் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவள், அதனால் நடைமுறையாக ஒன்று சொல்கிறேன் ராத்தா (அக்கா). ஆலிம்கள் சொன்ன ஆதாரங்கள் நமக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு அவ்வளவு வேண்டாம். அந்தப் பிள்ளை கேட்ட கேள்வியை அப்படியே மூஸா நபியும் கேட்டார்கள், அதைச் சொல்லுங்கள். "யாரையும் கொல்லாத ஒரு பரிசுத்தமான உயிரையா கொன்றீர், மிகவும் தகாத காரியத்தைச் செய்துவிட்டீர்" என்று 74ஆவது ஆயத்தில் வருகிறது. கேட்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தும், முதல் தடவை கேட்டு மன்னிப்புக் கேட்டிருந்தும், ஒரு பிள்ளையின் உயிர் என்றதும் அவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. ஷரீஅத் கொடுக்கப்பட்ட நபி அப்படித்தான் கேட்பார். அதனால் "நீ கேட்டது தப்பில்லை, ஒரு நபி கேட்ட கேள்வியைத்தான் நீயும் கேட்டாய்" என்று அந்தப் பிள்ளையிடம் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். கேள்வி கேட்டதற்காக ஒரு பெண் பிள்ளை மக்தபில் தலையைக் குனிந்து உட்காரக் கூடாது.

பின்வரிசைப் பையனிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் கடிதத்தைச் சொல்லுங்கள், அவன் வயதுக்கு அது தாராளமாகப் புரியும். நமக்கு வஹீ வராது, அதனால் நாம் மூஸா நபியின் சட்டத்துப் பக்கம்தான் நிற்க வேண்டும், அநியாயத்தைக் கண்டால் தடுக்க வேண்டும் என்று ஒரே வரியில் முடியுங்கள்.

அப்புறம், சுவர்க் கதைக்கு நிறைய நேரம் கொடுங்கள், எல்லோரும் அவசரமாக முடித்துவிடுகிறார்கள். சோறு தர மறுத்த ஊரில், விழப்போகிற சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைக்கிறார். கீழே இரண்டு எத்தீம் (அநாதை) பிள்ளைகளின் புதையல் இருக்கிறது, அவர்களின் தகப்பன் நல்லவர், அவர்கள் வளர்ந்து எடுத்துக்கொள்ளும்வரை அது பத்திரமாக இருக்க வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்கள் அந்த இடத்தைக் கேட்கும்போது வேறு மாதிரி கேட்பார்கள்.

வெள்ளாற்றங்கரை (பரங்கிப்பேட்டை):

எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர். தேவனாம்பட்டினம் அண்ணனுக்குத் தனியாக நன்றி, நீங்கள் சொன்ன பிறகுதான் படகுப் பகுதியைத் திரும்ப ஓதிப் பார்த்தேன், பிள்ளைகளிடம் பலகை, பஞ்சு, தார் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவர்களில் பாதிப்பேர் ஆற்றோரம் படகு பார்த்து வளர்கிறவர்கள்தான்.

டீச்சர் சொன்னபடி அந்தப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு 74ஆவது ஆயத்தை அவளையே ஓதச் சொல்கிறேன். நஜ்தாவின் கடிதத்தைப் பின்வரிசைப் பையனுக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் ஹயாத், மவுத் பேச்சை நான் எடுக்கப்போவதில்லை, நூஹ் நபியின் துஆவைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ததும் வீட்டில் ஓதிக் காட்டச் சொல்கிறேன். நானாவுக்கு முல்லா வீதி நானா எழுதிய 40:78ஐ அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் கேட்க வேண்டும். மூஸா நபி இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் அவ்விருவரின் செய்தி நமக்கு இன்னும் சொல்லப்பட்டிருக்குமே என்று ரசூலுல்லாஹ் ஆசைப்பட்டதாக அந்த ஹதீஸின் முடிவில் வருகிறதல்லவா. மூஸா நபி கேட்டது சரி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, இதையும் சேர்த்து எப்படிச் சொல்வது?

நெல்லிக்குப்பம் டீச்சர்:

இரண்டையும் அப்படியே சொல்லுங்கள் ராத்தா. தடுத்துக் கேட்டது அவர்கள் மேல் இருந்த கடமை. ரசூலுல்லாஹ் ஆசைப்பட்டது இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக, அவர்கள் மூஸா நபியைக் குறை சொல்லவில்லை, "அல்லாஹ் மூஸாவுக்கு ரஹ்மத் செய்வானாக" என்று துஆ செய்துதான் அந்தப் பேச்சையே ஆரம்பிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது சிரமமாக இருக்காது, நாலாவது கதை என்னவாக இருந்திருக்கும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.